ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு எனப் பரவலாக அறியப்படும் கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 – ஜனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த தொழில் முனைவரும் பொறிவல்லுநரும் ஆவார். தொடக்கப் பள்ளியைக்கூட நிறைவு செய்யாத இவர், ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டி எஞ்சின் இயங்கும் முறையைத் தாமே கற்றுக்கொண்டார். பின்னர் தென்னிந்தியாவின் பெரிய பேருந்து நிறுவனங்களுள் ஒன்றை நடத்தினார். மின்மோட்டார், சவரக் கருவி, வானொலிப் பெட்டி, சிறிய கார் எனப் பல பொருள்களை உருவாக்கினார். கோவையில் தொழிற்கல்வி நிலையங்கள் தோன்றக் காரணமானவர்களுள் ஒருவர். இந்தியாவின் எடிசன் என்ற அடைமொழியும் இவருக்கு உண்டு. எனினும் இவரது தனித்திறன் புதியன படைப்பதைக் காட்டிலும், ஓடாத எந்திரம் ஏன் ஓடவில்லை என்று கண்டறிவதிலேயே இருந்தது எனக் கொள்வது பொருந்தும்.

பிறப்பும் இளமையும்

கோயம்புத்தூருக்கு அருகில் உள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் நாயுடு பிறந்தார். தந்தை கோபால்சாமி நாயுடு. மிக இளம் வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பில் நாட்டம் செல்லவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி வீசியதாகச் சொல்லப்படும் கதை இவரைப் பற்றிய நூல்களில் தவறாமல் இடம்பெறுகிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளி நின்றது. அதன் பிறகு குடும்ப நிலத்தில் வேலை செய்தார். எழுத்தறிவையும் நூலறிவையும் பின்னாளில் தம் முயற்சியாலேயே வளர்த்துக்கொண்டார்.

மோட்டார் சைக்கிள்

வருவாய்த் துறையைச் சேர்ந்த ஆங்கிலேய அலுவலர் ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் ஊருக்கு வந்ததைக் கண்டதே நாயுடுவின் வாழ்க்கையின் திருப்புமுனை ஆகும். மாடு குதிரை இன்றித் தானே ஓடும் வண்டியை அவர் பார்த்தது அதுவே முதன்முறை. அதை எப்படியேனும் வாங்கிவிட எண்ணிக் கோவைக்கு வந்து, உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்து, சில ஆண்டுகள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். பின்னர் அந்த அலுவலரிடமிருந்தே வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கிய வண்டியை ஓட்டி மகிழ்ந்ததோடு அவர் நிற்கவில்லை. அதை முழுவதுமாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பும் எதற்காக உள்ளது என ஆராய்ந்து, மீண்டும் பூட்டி ஓடச் செய்தார். ஒற்றை உருளை கொண்ட அக்காலத்து மோட்டார் சைக்கிள் இவ்வகைக் கல்விக்கு மிகவும் ஏற்றது. பெட்ரோல் தொட்டி, கார்புரேட்டர், தீப்பொறி தரும் மேக்னெட்டோ, ஊதுலை போன்ற ஓர் உருளை என எல்லாம் கண்ணெதிரே தெரியும். ஒன்றைக் கழற்றினால் எது நின்றுபோகிறது என்பதை உடனே அறியலாம்.

இதற்குப் பின் திருப்பூரில் பருத்தி அரைவைத் தொழிலில் ஈடுபட்டுப் பொருள் ஈட்டினார். முதல் உலகப் போர்க் காலத்துப் பருத்தி விலையேற்றம் அதற்கு உதவியது. ஆனால் பம்பாய்ப் பருத்திச் சந்தையில் இறங்கி ஈட்டியதை இழந்து, வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

பேருந்துத் தொழில்

கோவையின் முன்னோடித் தொழிலதிபரான சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் (1841–1936) நாயுடுவின் திறமையை அறிந்து, பேருந்து ஒன்றைத் தவணை முறையில் பெற உதவினார். 1920 ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்தப் பேருந்து ஓடத் தொடங்கியது. உரிமையாளர், ஓட்டுநர், பழுது நீக்குபவர் ஆகிய மூவரும் நாயுடு ஒருவரே.

இத்தொழில் வளர்ந்து யு.எம்.எஸ். என்ற பெயரால் கொங்கு நாடெங்கும் அறியப்பட்டது. 1930களின் தொடக்கத்தில் 200க்கும் மேற்பட்ட பேருந்துகள் இதன்கீழ் ஓடின. குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் சேர்வது இந்நிறுவனத்தின் அடையாளமாக இருந்தது. கால அட்டவணையைக் காப்பாற்ற வேண்டுமெனில் வண்டி வழியில் நிற்கக் கூடாது; வழியில் நிற்காதிருக்க வேண்டுமெனில் பணிமனை நன்றாக இருக்க வேண்டும். ஆகவே நாயுடு பணிமனைக்கு மிகுந்த கவனம் செலுத்தினார். எஞ்சினின் அதிர்வைச் சோதிக்கும் கருவி, ரேடியேட்டர் நீரின் கொதிப்பைத் தணிக்கும் அமைப்பு, பயணச்சீட்டு வழங்கும் எந்திரம் ஆகியன இக்காலத்தில் அவர் உருவாக்கியவையாகக் குறிப்பிடப்படுகின்றன. முதலிரண்டும் ஓடும் வண்டியில் கண்ட குறைகளிலிருந்தே பிறந்தவை என்பது கவனிக்கத்தக்கது.

எஞ்சின் திணறலும் பழுது கண்டறிதலும்

நாயுடு தொழில் தொடங்கிய காலத்தில் பேருந்துகள் பெட்ரோலில் ஓடின; பெட்ரோலையும் காற்றையும் கலந்து தருவது கார்புரேட்டர். இக்கருவியின் செயல்பாட்டை அறியாமல் அவரது தொழிலின் கடினத்தை உணர்வது அரிது.

கார்புரேட்டரில் காற்று ஓர் ஒடுங்கிய குழாய் வழியாக விரைந்து செல்லும்போது அங்கு அழுத்தம் குறைகிறது. அக்குறை அழுத்தம், மிதவை அறையில் உள்ள பெட்ரோலை ஜெட் எனப்படும் நுண்துளை வழியாக இழுத்துத் தூவுகிறது. ஏறத்தாழ 15 பங்கு எடையுள்ள காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற அளவில் கலவை அமைந்தால் எரிதல் முழுமையாகும். பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் திணறும்; கூடினால் புகைந்து அடைபடும். ஓட்டுநர்கள் பேச்சுவழக்கில் மிஸ்ஸிங், பிக்கப் இல்லை, வண்டி ஆஃப் ஆகிறது என்று சொல்லும் மூன்றும் வெவ்வேறு குறைகள். அவற்றை ஒன்றெனக் கருதிக் கார்புரேட்டரைக் கழற்றுவதே பழுது நீக்குவோர் பலரின் முதல் தவறு.

வண்டி எவ்வாறு நிற்கிறது என்பதே முதல் தடயம். சாவியைத் திருப்பியது போலச் சட்டென நின்றால் பெரும்பாலும் தீப்பொறி அமைப்பில் குறை: பாயிண்ட், கண்டன்சர், காயில், தளர்ந்த கம்பி ஆகியவற்றுள் ஒன்று. சூடேறிய பின் மட்டும் நின்று, ஆறியபின் மீண்டும் ஓடினால் காயிலின் மீது ஐயம் கொள்ளலாம். மாறாக, இழுத்து இழுத்து வலிமை குன்றி நின்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை எனலாம். அப்போது சோக்கைச் சிறிது இழுத்துப் பார்ப்பது எளிய சோதனை. வண்டி தேறினால் கலவையில் பெட்ரோல் குறைவு; மேலும் மோசமானால் பெட்ரோல் மிகுதி. கார்புரேட்டர் வழியே வெடிச் சத்தம் வருவது குறைவையும், புகைக்குழாயில் கரும்புகை வருவது மிகுதியையும் காட்டும். தீப்பொறிச் செருகியைக் கழற்றினால் அதன் முனையும் இதையே சொல்லும்: கரி படிந்திருந்தால் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு, இளம் பழுப்பாக இருந்தால் சரி.

காலை எடுத்தவுடன் வண்டி நின்றுபோனால் சும்மா ஓடும் நிலைக்கான சிறிய ஜெட்டில் தூசி இருக்கக்கூடும். காலை அழுத்தும் நொடியில் மட்டும் தயங்கிப் பின் ஓடினால், திடீரெனத் திறக்கும் வழியில் காற்று முந்திக்கொள்கிறது என்பது பொருள். இக்குறையை நீக்கவே பல கார்புரேட்டர்களில் ஆக்சிலரேட்டர் பம்பு என்னும் சிறு பீச்சுங்குழல் உண்டு. அதன் வாஷரோ தகடோ காய்ந்து வெடித்தால் தயக்கம் தொடங்கும். இவையெல்லாம் சரியாக இருந்தும் எஞ்சின் தடுமாறினால், கார்புரேட்டருக்குக் கீழே உள்ள கேஸ்கட்டில் காற்று கசிகிறதா எனப் பார்க்க வேண்டும். ஓடும் எஞ்சினில் அவ்விணைப்பின் மீது எண்ணெயைச் சில துளிகள் விட்டால், கசிவு இருக்கும் இடத்தில் எண்ணெய் உறிஞ்சப்பட்டு எஞ்சினின் ஓசை மாறும்.

1920களின் வண்டிகளில் இன்னொரு தொல்லையும் இருந்தது. பெட்ரோலைத் தள்ளித்தரும் பம்பு அப்போது பெருவழக்காகவில்லை. சில வண்டிகளில் தொட்டி உயரத்தில் இருக்க, பெட்ரோல் தானே இறங்கி வந்தது. ஃபோர்டு டி வகைக் கார் இத்தகையது. தொட்டியில் பெட்ரோல் குறைந்தபின் செங்குத்தான மேட்டில் கார்புரேட்டர் தொட்டியின் மட்டத்துக்கு மேலே போய்விடுவதால், வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே ஏற்றுவதும் உண்டு. வேறு வண்டிகளில் எஞ்சினின் உறிஞ்சும் ஆற்றலால் பெட்ரோல் ஒரு சிறு வெற்றிடத் தொட்டிக்கு இழுக்கப்பட்டது. நீண்ட ஏற்றத்தில் ஓட்டுநர் காலை முழுதும் அழுத்தியே வைத்திருப்பார். அப்போது உறிஞ்சும் ஆற்றல் குறைந்து சிறு தொட்டி வறண்டு, வண்டி நடுமேட்டில் நின்றுவிடும். கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தால் அது பழுதின்றி இருக்கும். இடையிடையே காலைச் சிறிது தளர்த்துவதே இதற்கு மருந்து.

நீலகிரி ஏற்றம்

கோவை, சமவெளி நகரமாக இருந்தபோதும் நீலகிரியின் வாயில் ஆகும். நாயுடுவுக்கு உதவிய ஸ்டேன்ஸ் குடும்பத்தின் காப்பி, தேயிலைத் தொழிலும் அவர்கள் பெயரால் குன்னூரில் விளங்கும் பள்ளியும் இவ்விரு நிலங்களின் பிணைப்புக்குச் சான்று. மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து குன்னூர், அதற்கு அடுத்த இராணுவ நிலையமான வெலிங்டன் ஆகிய இடங்களை அடையும் சாலை, கார்புரேட்டர் எஞ்சின்களுக்குக் கடுந்தேர்வாகவே இருந்துவந்தது.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டரைச் சற்றே தாண்டிய உயரத்தில் உள்ளது. வெலிங்டன் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் அமைந்தது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஜெட்டின் துளையோ மாறுவதில்லை. எனவே அதே கார்புரேட்டர் காற்றின் அளவுக்குப் பொருந்தாமல் கூடுதல் பெட்ரோலைத் தருகிறது; கலவை பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் செறிவடைகிறது. கோவையில் சீராக ஓடிய வண்டி வெலிங்டனில் கரும்புகை விட்டு, சும்மா நிற்கும்போது தடுமாறி அணைவது இதனால்தான். இங்கு பழுதான உறுப்பு எதுவும் இல்லை.

மலையிலேயே வண்டி வைத்திருப்போர் சிறிய ஜெட்டைப் பொருத்தியும் கலவைத் திருகைச் சரிசெய்தும் ஓட்டினர். அவ்வாறு சரிசெய்த வண்டி சமவெளிக்கு இறங்கினால் அங்கே பெட்ரோல் போதாமல் திணறி, எஞ்சினும் மிகையாகச் சூடேறும். வளைவுகளில் மிதவை அறையின் பெட்ரோல் ஒருபுறம் சாய்வதாலும் திணறல் ஏற்படும். நீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுவதால் ரேடியேட்டரும் விரைவில் பொங்கும். வெப்பத்தால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வதும் உண்டு. பெட்ரோல் பம்பின் மீது ஈரத்துணி சுற்றி அம்பாசடர், பத்மினி கார்களை ஓட்டியவர்கள் அண்மைக்காலம் வரை இருந்தனர். நேர்மாறாக, குளிரும் மூடுபனியும் சேர்ந்த நாட்களில் பெட்ரோல் ஆவியாகும் குளிர்ச்சியால் கார்புரேட்டரின் தொண்டையில் பனி படிந்து வண்டி நிற்கலாம். சில நிமிடங்களில் எஞ்சின் சூட்டால் பனி உருகிவிடும், தடயமும் மறைந்துவிடும்.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் பங்கீடு வந்ததால் தமிழ்நாட்டுப் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. மதுரை டி. வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனம் கரிவாயுக் கலன்களைத் தயாரித்தது. இவ்வாயுவில் எஞ்சினின் வலிமை பெரிதும் குறைந்ததால் ஏற்றங்களில் பயணிகள் இறங்கி நடக்க நேர்ந்தது.

வெளிநாட்டுப் பயணங்களும் பிற படைப்புகளும்

1932 முதல் நாயுடு பலமுறை ஐரோப்பாவுக்கும் பின்னர் அமெரிக்காவுக்கும் சென்றார். ஒளிப்படக் கருவியை எப்போதும் உடன் வைத்திருந்த அவர், 1936 ஆம் ஆண்டு இலண்டனில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலத்தைப் படம்பிடித்தார். ஜெர்மனியின் தொழிற்சாலைகள் அவரை மிகவும் கவர்ந்தன. உலர் மின்கலத்தால் இயங்கும் ரேசண்ட் என்னும் சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகு, மண்ணெண்ணெயால் இயங்கும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவு எந்திரம் முதலியன அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுபவை.

1937 ஆம் ஆண்டு தே. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து பீளமேட்டில் மின்மோட்டார் தயாரித்தார். இதுவே இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் எனக் கருதப்படுகிறது. கோவை வட்டாரத்தின் மோட்டார், பம்புத் தொழில் இன்று பெற்றுள்ள வளர்ச்சியை நோக்கும்போது, நாயுடுவின் பணிகளுள் நீண்ட பயன் தந்தது இதுவே எனலாம். 1941 ஆம் ஆண்டு ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தயாரிக்க இயலும் என அறிவித்தார். சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தலிலும் ஒருமுறை போட்டியிட்டுத் தோல்வியுற்றார்.

கல்விப் பணி

1944 ஆம் ஆண்டு பேருந்துத் தொழிலிலிருந்து விலகி, அறப்பணிகளிலும் தொழிற்கல்வியிலும் ஈடுபட்டார். அவரது முயற்சியாலும் நன்கொடையாலும் 1945 ஆம் ஆண்டு கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டன. அப்போதைய சென்னை மாகாண ஆளுநரின் பெயர் அவற்றுக்கு இடப்பட்டது. அக்கல்லூரியே இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட நாயுடு அதன் முதல்வராகப் பொறுப்பேற்றார்.

நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பு காலத்தை வீணாக்குவது என்பதும், அதே அறிவை இரண்டு ஆண்டுகளில் புகட்டலாம் என்பதும் அவரது உறுதியான கருத்து. மாணவர்கள் எந்திரங்களைக் கையால் தொட்டுப் பழக வேண்டும் என அவர் எதிர்பார்த்தார். அரசு இதை ஏற்கவில்லை. ஓராண்டளவில் அவர் பதவி விலகினார்.

இக்கருத்து வேறுபாட்டில் நியாயம் முழுவதும் ஒரு பக்கத்தில் இருப்பதாகச் சொல்ல முடியாது. அடைபட்ட ஜெட்டையும் வெடித்த வாஷரையும் பிரித்துப் பார்ப்பவன் கண்டுபிடித்துவிடுவான். அதற்குப் பட்டம் தேவையில்லை. சான்றிதழ் பெற்றும் எஞ்சினைத் திறக்கத் தெரியாத பொறியாளர்களைக் கண்டு நாயுடு சலிப்புற்றதில் வியப்பில்லை. ஆனால் வெலிங்டனில் திணறும் வண்டியை எத்தனை முறை பிரித்தாலும் பழுது அகப்படாது. அங்கு காற்றின் அடர்த்தி குறித்த கணக்கு வேண்டும். அது நூலிலிருந்து வருவது. எனினும், திறன்களுக்கு ஏற்ற குறுகிய காலப் படிப்புகள் வேண்டும் என்ற அவரது கோரிக்கை பிற்காலத் தொழிற்பயிற்சி நிலையங்களின் போக்கோடு ஒத்துப்போவது குறிப்பிடத்தக்கது.

இரண்டு இருக்கைக் கார்

1952 ஆம் ஆண்டு இரண்டு பேர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. தொழில் தொடங்க அரசின் உரிமம் கட்டாயமாக்கப்பட்ட காலம் அது. தேவையான உரிமம் வழங்கப்படவில்லை. கார் உற்பத்தி தொடரவில்லை. அவ்விலையில் தரமான காரைத் தொடர்ந்து தயாரித்திருக்க இயலுமா என்பது ஆயத்தக்கது. ஆனால் சந்தையில் தோற்கும் வாய்ப்புக்கூட அந்தக் காருக்குக் கிடைக்கவில்லை. மலிவு விலைச் சிறு காருக்கு இந்திய நடுத்தர மக்கள் 1983 ஆம் ஆண்டு மாருதி 800 வரும்வரை காத்திருக்க நேர்ந்தது.

அரசின் வரி, உரிமக் கொள்கைகளால் மனம் வெறுத்த நாயுடு, எதிர்ப்பைக் காட்டும் விதமாகத் தாம் உருவாக்கிய பொருள்கள் சிலவற்றைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்து அழித்தார். பிரித்துப் பூட்டுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட ஒருவர் செய்த செயலாதலால் இது அவரது வரலாற்றில் தனித்து நிற்கிறது.

வேளாண்மை

பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி ஆகியவற்றில் புதிய வகைகளை உருவாக்கும் ஆய்வுகளையும் நாயுடு மேற்கொண்டார். சர் சி. வி. இராமன், சர் எம். விசுவேசுவரய்யா ஆகியோர் அவரது பண்ணையைப் பார்வையிட்டுள்ளனர்.

மறைவும் நினைவும்

1967 ஆம் ஆண்டு கோவையில் தொழிற் கண்காட்சி ஒன்றை நிறுவினார். ஜனவரி 4, 1974 அன்று மறைந்தார். அவரது கருவிகளும் ஒளிப்படங்களும் கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜி. டி. நாயுடு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. அவரது பெயரிலான அறக்கட்டளை 2015 ஆம் ஆண்டு அங்கே பழைய கார்களுக்கான ஜீடி கார் அருங்காட்சியகத்தைத் திறந்தது. அவரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று 66ஆவது தேசியத் திரைப்பட விருது பெற்றது. 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட கோவை அவிநாசி சாலை உயர்மட்ட மேம்பாலத்துக்கு ஜி. டி. நாயுடு பெயர் சூட்டப்பட்டுள்ளது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின் இந்தியாவில் விற்பனையாகும் புதிய இருசக்கர வண்டிகளிலும் கார்புரேட்டர் ஏறத்தாழ முற்றிலும் மறைந்துவிட்டது. காற்றின் அழுத்தத்தை உணரியால் அளந்து பெட்ரோலைக் கணினி பீய்ச்சும் அவ்வண்டிகள் மேட்டுப்பாளையத்திலிருந்து வெலிங்டன் வரை திருகைத் தொடாமலே ஏறுகின்றன. கார்புரேட்டர் கொண்ட எஞ்சின்களைக் காண விரும்பும் மாணவர்களுக்கு மேற்சொன்ன கார் அருங்காட்சியகம் பயனுள்ள இடமாகும்.